ஒரு சொட்டு எலுமிச்சை

ஜன்னல் ஓரம் நீயே உட்காரு பாப்பா. எனக்கு இந்த எலுமிச்சம்பழம் போதும். நகத்தால லேசாக் கீறி மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டா தொட்டியம் வரைக்கும் வயித்தைப் புரட்டாது. பஸ்ஸுல வேர்வை நாத்தம்கூட தாங்கிடுவேன். வாடின மல்லிப்பூவும் டீசலும் கலந்து ஒண்ணு வருமே, அதுதான் எனக்கு ஆகாது.

உன் தோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். தப்பா நினைக்காதே, தொழில் புத்தி. திருகாணிக்குப் பின்னாடி கறுப்பா அப்பியிருக்கே, என்னன்னு தெரியுமா? தங்கம் கறுத்துப் போச்சுன்னு கடைக்காரன் மேல பழியைப் போடுவீங்க. அது தங்கம் இல்ல பாப்பா, நீதான். உன் சோப்பு, உன் தலை எண்ணெய், உன் தோல், எல்லாம் சேர்ந்து மெழுகு மாதிரி ஆகிக் கிடக்கு. மூஞ்சியைச் சுளிக்காதே, உன்னோடது பரவாயில்ல. நான் பார்த்த அழுக்கையெல்லாம் சொன்னேன்னா காலையில சாப்பிட்ட இட்லி வெளிய வந்துடும்.

அந்த வளையல் ஏன் இப்படி நெளிஞ்சு கிடக்கு? நல்ல கொத்து வேலை, பார்த்தாலே தெரியுது. கதவிடுக்குல மாட்டிக்கிச்சா? சரி சரி. பவுன் விக்கிற விலைக்குக் கையைப் பார்த்து வைக்கிறதில்ல இந்தக் காலத்துப் பிள்ளைங்க.

என் பேர் அங்கம்மா. திருச்சியில படித்துறைக்குப் போற வழியில கடை. கடைன்னா, நான் உட்கார்ந்தா ஷட்டரை முழுசா இறக்க முடியாது, அவ்வளவுதான் அகலம். பேர்ப்பலகை கிடையாது. ஆத்துல கிடைச்ச நகை, மண்ணுல கிடைச்ச நகை வாங்குவேன், கழுவுவேன், யாருதுன்னு கண்டுபிடிப்பேன், விப்பேன். நாலாங்கிளாஸோட படிப்பு முடிஞ்சுது. மிச்சத்தையெல்லாம் ஏமாந்துதான் படிச்சேன். தங்கம்னு பித்தளையை வாங்கி ஒரு தடவை. வெள்ளின்னு ஈயத்தை வாங்கி ஒரு தடவை. மாப்பிள்ளைன்னு ஒருத்தனை வாங்கி ஒரு தடவை. அவன் ரெண்டு வருஷம் கத்து கத்துன்னு கத்திட்டு ஒரு நாள் எவளோடயோ போயிட்டான். நான் தாலியை உருக்கி வித்துத் தராசு வாங்கினேன். அந்தத் தராசுதான் இன்னிக்கும் ஓடுது. அதுக்கு அப்புறம் என்னை ஏமாத்தினவன் ஒருத்தன் இல்ல.

மருதைன்னு ஒருத்தன், எனக்குத் தம்பி முறை. அவன்கிட்ட மெட்டல் டிடெக்டர் இருக்கு. நீளக் கம்பி, அடியில சோத்துத் தட்டு மாதிரி ஒண்ணு. மணலுக்கு மேல ஆட்டிக்கிட்டே போனா, அடியில உலோகம் இருந்தா கீச்சுனு கத்தும். ஆத்துல அதைப் போடலாமா கூடாதான்னு என்கிட்ட கேட்காதே, நான் மருதைகிட்ட கேட்கல. பங்குனியில தண்ணி வத்தினதும் இறங்குவான். முக்காவாசி சோடா மூடி, ஊக்கு, துருப்பிடிச்ச சூலம். எப்பவாவது கொலுசு, மெட்டி, மூக்குத்தி.

தண்ணி இல்லாத ஆத்துல நீ நடந்திருக்கியா? நடக்காதே. தாயே தாயேன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு அவ மேலேயே எல்லாத்தையும் கொட்டியிருப்பாங்க. கிழிஞ்ச சேலை, உடைஞ்ச சாமி படம், பிளாஸ்டிக் தட்டு, குழந்தை ஜட்டி. கருமம். அந்தக் குப்பைக்குள்ள இருந்து வர்றதைத்தான் நான் பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப் போட்டு, மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால தேய்க்கிறேன். அழுக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லிடுவேன் பாப்பா. கோதுமை மாவு அப்பியிருந்தா ஓட்டல்ல சப்பாத்தி போடுறவ. பவுடர் அப்பியிருந்தா துணிக்கடையில நிக்கிறவ. விபூதின்னா நாக்குல தெரியும். சீ, நக்கிப் பார்ப்பியான்னு பார்க்கிறே. ஆரம்பத்துல பார்த்தேன். வயித்துக்கு வழி இல்லாதப்போ எல்லாத்தையும்தான் பார்த்தேன்.

குங்குமத்துக்கு ஒரு வழி இருக்கு. நல்ல குங்குமம் மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்துச் செய்யறது. எலுமிச்சை ஒரு சொட்டு விட்டா திரும்ப மஞ்சளாயிடும். ஆகலேன்னா சாயம். இதுல எவனும் என்னை ஏமாத்த முடியாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பங்குனியில மருதை ஒரு களிமண் உருண்டையைக் கொண்டு வந்தான். ஆரஞ்சுப் பழம் அளவு. மெஷின் அது மேல கத்து கத்துன்னு கத்தியிருக்கு. கத்தியால சுரண்டிக்கிட்டே வர்றான்.

"கையை எடுடா மூதேவி"ன்னேன். "உங்கப்பன் வீட்டு உருளைக்கிழங்கா, தோலைச் சீவுறே?"

"உள்ள மஞ்சளாத் தெரியுதுக்கா."

"தெரியுறதெல்லாம் உன் கத்திக்குத்தான்."

ஒரு நாள் முழுக்க ஊற வெச்சேன். மண்ணு தானாக் கழண்டுச்சு. உள்ள ஒரு தாலி. ரெண்டு பக்கமும் தங்கக் குண்டு, நடுவுல பொன்னு. நம்ம பக்கம் ஆடிப் பெருக்குக்குத் தாலிக் கயிறு மாத்துவாங்களே, பழைய கயிறை ஆத்துல விடுவாங்களே, அப்போ பொன்னைக் கழட்ட மறந்து அப்படியே விட்டுட்டு அழுதுக்கிட்டு நிக்கிறவளுங்க வருஷத்துக்கு ரெண்டு பேராவது உண்டு. அந்த மாதிரின்னுதான் நினைச்சேன்.

ஆனா இதுல ஒரு கல்லு இருந்துச்சு. கூழாங்கல்லு. நைலான் நூல் கலந்த கயிறு, அதனால மக்கல. கல்லைச் சுத்திச் சுத்தி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. எண்ணினேன், ஏழு முடிச்சு. என்ன பைத்தியக்காரத்தனம் இது, வேண்டுதலான்னு நினைச்சேன். இன்னொண்ணு, இடது பக்கத்துக் குண்டு நசுங்கியிருந்தது. குண்டு உள்ள அரக்கு வெச்சது, லேசில நசுங்காது. பின்பக்கம் பத்தரோட முத்திரை, ரெண்டு எழுத்து. முசிறிப் பக்கத்துச் சிங்காரம் பத்தர் முத்திரை அது. எனக்கு முத்திரையெல்லாம் மனப்பாடம்.

இப்போ கேளு, என் தொழிலோட சூட்சுமம். மோதிரம்னா உருக்கிடலாம். தாலியை நான் உருக்க மாட்டேன். என்னோடதை உருக்கினப்போ அரக்கு எரிஞ்ச நாத்தம் மூக்கை விட்டுப் போக எத்தனை நாளாச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தாலியை உருக்கினா வர்றது கிராம் விலை, உடையவளைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தா வர்றது மனசு விலை. தொலைஞ்ச தாலி திரும்பி வந்தா எவளும் தராசைப் பார்க்க மாட்டா. காலைக் கட்டிக்கிட்டு அழுவா. அப்போ கேட்கிறதுதான் விலை.

பத்தர்கிட்ட போனேன். கையில வாங்கினதுமே அந்தக் குண்டைத் தடவினார்.

"இதை நான் மூணு தரம் நிமித்தியிருக்கேன்."

"மூணு தரமா? என்ன செய்வா, தாலியை அம்மியில வெச்சு அரைப்பாளா?"

"கதவுல மாட்டிக்கிச்சும்பா."

"மூணு தரமும் கதவா?"

"மூணு தரமும் கதவுதான்." உரைகல்லைத் துண்டால துடைச்சார், துடைச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம், "அங்கம்மா, அந்தப் பொண்ணுக்கு வேற தாலி செஞ்சு நாலு வருஷமாச்சு. இதை விட்டுடேன்"ன்னார்.

எனக்குச் சுருக்குனு வந்துச்சு. நடுவுல ஒரு பங்கு கேட்கத்தான் இழுக்கிறார்னு நினைச்சேன். கிழவர் எத்தனை பேர் தங்கத்தைச் சுரண்டிப் பிழைச்சவரோ! பங்கெல்லாம் கிடையாது, ஊரை மட்டும் சொல்லுங்கன்னு பிடுங்கிக்கிட்டு வந்தேன். மூணு தரம் தாலியைக் கதவுல விட்டவளை நினைச்சு வழியெல்லாம் திட்டிக்கிட்டே போனேன். அவ்வளவு அலட்சியம் பிடிச்சவளுக்குப் பொன்னு எதுக்கு?

ஊர் பேர் வேண்டாம். பெரிய வீடு, நெல் வியாபாரம். நான் போனதுக்கு மறுநாள் அவ நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து, வீடு நிறைய ஆளு. எனக்கு வசதியாப் போச்சு. ஆள் நிறைய இருந்தா விலை ஏறும், எவனும் நாலு பேர் முன்னாடி தாலிக்குப் பேரம் பேச மாட்டான்.

அவ பேர் நித்யகலா. முப்பது வயசு இருக்கும். கையில மாவு. நான் துணியைப் பிரிச்சுக் காட்டினேன். அங்கேயே நின்னா. கிட்டகூட வரல.

"இது என்னோடது இல்லைங்க."

"தொட்டுப் பாரும்மா."

"இல்லைங்க. என்னோடது இல்ல."

எப்படி இருக்கும் எனக்கு? வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். விலையைக் குறைக்கத்தான் அவ நாடகம் போடுறான்னு நினைச்சேன். இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தவ நான்! "நல்லாப் பாரு தாயி"ன்னு ஆரம்பிச்சேன். கோர்ட்டுல வக்கீல் பேசுற மாதிரி பேசினேன் பாப்பா. பத்தர் முத்திரை இதோ. இடது குண்டு நசுங்கல், மூணு தரம் நிமித்தினது, பத்தரே சாட்சி. வேற எவ தாலி இப்படி இருக்கும்? அதுக்கும் மேல, ஆத்துல தானா நழுவிப் போனதுன்னா கயிறு அறுந்திருக்கணும். இது கல்லோட சேர்த்து ஏழு முடிச்சு. கட்டினவளுக்குத்தானே தெரியும், கேளுங்க அவளைன்னு சொன்னேன்.

வீடு கப்புனு அடங்கிப் போச்சு. என் சாமர்த்தியத்தைப் பார்த்து மலைச்சுப் போய் நிக்கிறாங்கன்னு நினைச்சேன்.

"கல்லோடயா?" மாமியார்க்காரிதான் கேட்டா.

"ஆமாம்மா, கல்லோட. நல்லா இறுக்கி." பெருமையாச் சொன்னேன்.

அப்போதான் புருஷன்காரன் உள்ளே இருந்து வந்தான். ரெங்கராஜு. வெள்ளை வேட்டி, கையில சதுரமா ஒரு மோதிரம். எல்லாத்தையும் கேட்டுட்டுச் சிரிச்சான். "விளையாட்டுப் புத்திங்க இவளுக்கு. உட்காருங்கம்மா, மோர் சாப்பிடுங்க"ன்னான். சத்தமே போடல. சத்தம் போடாத ஆம்பளை நல்லவன்னு என் நினைப்பு. எனக்கு வாய்ச்சவன் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவான், அதனால.

நான் கேட்டதுக்கு மேலேயே கொடுத்தான். ஒரு வார்த்தை பேரம் பேசல. அது எனக்குக் கேவலமா இருந்துச்சு. பேரம் பேசாதவனை எனக்குப் பிடிக்காது, பொருளுக்கும் மரியாதை இல்ல, விக்கிறவளுக்கும் மரியாதை இல்ல.

மாமியார் புதுக் கயிறு எடுக்க உள்ள போனா. கல்யாணத்துல கட்டின தாலிதான் ராசி, அப்புறம் செஞ்சு போட்டதைப் பீரோவில வைன்னு சொல்லிக்கிட்டே போனா. அந்த நேரத்துல அவன் மோதிரத்தைக் கழட்டி, "இதையும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க, கை ராசிக்காரங்க"ன்னான். சரின்னு ஒரு கிண்ணத்துல தண்ணி வாங்கினேன். கல்லு பதிச்ச இடுக்குல செவப்பா, காய்ஞ்சு போய்க் கெட்டியா இருந்துச்சு. சாமி கும்பிடுற ஆளு, குங்குமம்னு நினைச்சேன். பையில இருந்த எலுமிச்சையை ஒரு சொட்டு விட்டேன்.

மஞ்சளாகல.

பிரஷ்ஷை வெச்சுத் தேய்ச்சேன். நுரை செம்பழுப்பா வந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஐயா, குங்குமம்னு உங்களுக்கு எவனோ சாயத்தை வித்திருக்கான், கடையை மாத்துங்க"ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அவ மட்டும் சிரிக்கல. மாவுக் கையோட நின்னுக்கிட்டு அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டிருந்தா.

அப்புறம் அவன் கயிறை வாங்கித் தாலியைக் கோத்து, எல்லார் முன்னாடியும் அவ கழுத்துல கட்டினான். யாரோ ஒருத்தி குலவைகூடப் போட்டா. அவன் முடிச்சுப் போடுறப்போ அவ என்னையேதான் பார்த்தா. அழுதிருந்தா ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சிருப்பேன். அழல. நன்றி கெட்ட பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு மோரைக் குடிச்சேன். புளிச்ச மோரு.

தண்ணி குடிக்கிறியா பாப்பா? வேண்டாமா? சரி.

போன மாசம். மத்தியானம், கடைத்தெருவுல ஆளே இல்ல. ஒருத்தி வந்து மேஜை மேல கைக்குட்டையை வெச்சா. மூஞ்சி எனக்கு ஞாபகமில்ல. கைக்குட்டையைப் பிரிச்சதும் குண்டைப் பார்த்தேன், ஞாபகம் வந்துடுச்சு. இடது குண்டு திரும்ப நசுங்கியிருந்தது. இந்தத் தடவை தட்டையா, பொரிச்ச அப்பளம் மாதிரி.

"ஏம்மா, திரும்பவும் கதவா?"ன்னேன். எரிச்சலோடதான் கேட்டேன்.

"ஆமாங்கக்கா. கதவுதான்"ன்னா. சிரிச்சா. மேல் பல்லுல ஒண்ணு இல்ல.

பழக்கம் பாரு, கை தானாக் கிண்ணத்தை எடுத்துச்சு. குண்டு மடிப்புல செவப்பு. எலுமிச்சையை எடுத்தேன். அறுத்தேன். ஒரு சொட்டு.

ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கிட்டிருந்தோம். அது மஞ்சளாகல.

"அன்னிக்கும் ஆகல இல்லக்கா?"ன்னா. மெதுவா. திட்டுற மாதிரிகூட இல்ல.

எனக்கு வந்த குமட்டல் இருக்கே பாப்பா, முப்பது வருஷம் சாக்கடை மண்ணை அலசியிருக்கேன், அப்படி வந்ததில்ல. எழுந்து போய்க் கடைக்குப் பின்னால வாந்தி எடுத்தேன். அந்த மோர்தான் வந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி வரும்? ஆனா அந்தப் புளிப்புதான்.

திரும்பி வந்து திட்டினேன் அவளை. ஆமா, அவளைத்தான். "வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே அன்னிக்கு? ஒரு ஜாடை காட்டினா நான் புரிஞ்சுக்க மாட்டேனா? எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"இல்லைன்னு சொன்னேனேக்கா. ரெண்டு தரம் சொன்னேன்."

நியாயமாப் பார்த்தா அவ இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும். நீயே சொல்லு. சொல்லியிருக்கணுமா இல்லையா? நான் வியாபாரி. வீட்டுக்கு வீடு போய் முதுகைத் திருப்பிப் பார்க்கிறதா என் வேலை?

"இப்ப என்ன செய்யணும்கிறே?"

"ஆத்துல போட்டேன். நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்க. உருக்கிடுங்கக்கா. உருக்கினா யாராலயும் எடுத்துட்டு வர முடியாது."

தாலியை உருக்க மாட்டேன்னு சொன்னேனே. ஊரே அறியும். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு ஊதுகுழலை எடுத்தேன். மூசைன்னு தங்கம் உருக்குற சின்ன மண் கிண்ணம், அதுல போட்டு ஊதினேன். முதல்ல அரக்கு எரிஞ்சுது. அதே நாத்தம். அவ மூக்கைப் பொத்தல, கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தா. குண்டு, பொன்னு, முத்திரை எல்லாம் கரைஞ்சு ஒரு சொட்டா உருண்டு நின்னுச்சு. ஆறினதும் தராசுல வெச்சேன். என்ன வருமோ அதைக் கொடுத்தேன். பேரம் பேசல. நான் பேசல. அவ எண்ணிக்கூடப் பார்க்காம ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டுப் போனா. எந்தப் பஸ்ஸுல ஏறினான்னு பார்த்தேன். சொல்ல மாட்டேன்.

நாலாம் நாள் அவன் வந்தான். அதே வெள்ளை வேட்டி, அதே மெதுவான பேச்சு. "இங்க வந்தாளாம்மா?" மோதிரக் கையை என் மேஜை மேல வெச்சுக்கிட்டுக் கேட்டான்.

"வந்தா. தாலியை உருக்கச் சொன்னா. நான் அந்த வேலை செய்ய மாட்டேன்னு துரத்திட்டேன். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

கேட்டிருக்கான், தெருவுல நாலு கடையில. அங்கம்மா சாமான்யத்துல தாலியில கை வைக்க மாட்டான்னு எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கானுங்க. அவ எந்தப் பக்கம் போனான்னு கேட்டான். நான் ஒரு பக்கம் காட்டினேன். இந்நேரம் கடலைத் தொட்டிருப்பான்.

கிளம்பறப்போ மோதிரத்தைக் கழட்டி நீட்டினான். இதைக் கொஞ்சம் கழுவிக் கொடுங்கன்னு. கூசவே இல்ல பாரேன்!

"இந்த அழுக்குக்கு என்கிட்ட மருந்து இல்ல"ன்னு சொல்லிட்டு ஷட்டரை இறக்கினேன்.

அதோட சரி. எனக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல. இதைப் போய் உன்கிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. இன்னிக்கு தொட்டியத்துல ஒரு கொலுசு பார்க்கப் போறேன், அவ்வளவுதான்.

நீ எங்க இறங்கணும்? அடுத்ததா? புருஷன் வீடா, அம்மா வீடா? சரி, சொல்ல வேண்டாம்.

பாப்பா. அந்த வளையல். கொத்து வேலை இடுக்குல செவப்பா இருக்கே, அதையும் அப்பவே பார்த்தேன். காலையில சாமி கும்பிட்டியா? குங்குமமா?

கையை நீட்டு. இழுத்துக்காதே, சேலைக்குள்ள ஒளிச்சு என்ன ஆகப் போகுது? பழம் இங்கேயே இருக்கு, கீறித்தான் வெச்சிருக்கேன். ஒரு சொட்டுதான். மஞ்சளாச்சுன்னா நான் பேசாம என் வழியில போயிடறேன்.